வெற்றிலைப் பார்சல்

இரத்தோட்டை,
செவ்வாய்க்கிழமை.

என்னங்க,

நான் சுகம். இங்கே நல்ல மழை. கொடியில் வெற்றிலை தளதளவென்று நிற்கிறது.

வாராவாரம் அதைப் பறித்து, கண்டி பஸ்ஸில் உங்கள் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தனுப்புகிறேன். இலையின் பச்சையைக் கழுவியெடுத்து, மிஞ்சும் வெள்ளை நரம்புக்கூட்டில் ஸ்டெம் செல் வளர்த்து, பழுதான இதயத்துக்கு ஒட்டுப்போடப் போகிறீர்கள் என்று தோட்டத்து லயத்தில் வீடுவீடாகப் பெருமையடித்தேன்.

நேற்று நீங்கள் அனுப்பிய வீடியோவில் அந்த இலை துடித்தது. அழுதேவிட்டேன். பிறகு உங்கள் குரல் கேட்டது: “நிரோஜா, நம்ம பிள்ளை துடிக்குது பாருங்க!”

கூட வேலை செய்கிறவள், சந்தோஷத்தில் சொல்லியிருப்பீர்கள். நான் ஒன்றும் நினைக்கவில்லை. பதினொரு தடவை பார்த்தேன், அவ்வளவுதான். கல்யாணமாகி ஆறு வருஷம்; ‘நம்ம பிள்ளை’ என்று என்னிடம் சொல்ல உங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

மாத்தளை மாரியம்மன் கோயிலில் நம் நிச்சயத்தன்று இரு வீட்டாரும் மாற்றிக்கொண்டது வெற்றிலைத் தட்டு. இப்போது என் கொடி வெற்றிலையை நானே பறித்து அவள் கைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வாரப் பார்சலில் இலை இல்லை, இந்தக் கடிதம் மட்டும்தான். இலை வேண்டுமென்றால் நீங்களே வாருங்கள். அன்றுபோலத் தட்டேந்தி என்னிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
கொடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள்