கால்ல சத்து இல்ல

அண்ணே,

என் இடது காலணி இப்போது மேசைமேல், இந்தத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாப்பிடுகிற மேசையில் செருப்பா என்று கேட்டிருப்பீர்கள். ஐந்து மாதங்களுக்குமுன் தேக்கா சந்தையில் வாங்கியது. வலது காலணியின் அடிப்பாகம் இன்னும் புதிதுபோல இருக்கிறது. இடதில் மட்டும், பெருவிரல் வரும் முனை ஐம்பது காசு நாணயத்தின் அகலத்துக்குத் தேய்ந்து, உள்ளிருக்கும் வெள்ளை நுரை தெரிகிறது.

நேற்று முன்தினம் காலைவரை இதை நான் பார்க்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் செய்தி எழுதியவள் நான். நீதிமன்றத்தில் நிற்பவரின் சட்டையில் எத்தனையாவது பொத்தான் இல்லை என்றுகூட எழுதியிருக்கிறேன்.

பார்த்தவர் என் முதுகைக் கவனிக்கும் அறுவை மருத்துவர், நாற்பதைத் தொடாத சீனப் பெண். நான் அறைக்குள் நடந்து வருவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். வலி எப்படி என்று கேட்டார், சொன்னேன். காலில் வீக்னஸ் உண்டா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, இடது கால் சீக்கிரம் அசந்துபோகிறது, அவ்வளவுதான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுந்து வந்து, என் காலணியைக் கழற்றச் சொல்லி, அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, பெருவிரலின்மேல் தன் ஒற்றை விரலை வைத்து, அதைத் தூக்கித் தள்ளுமாறு சொன்னார்.

தூக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் விரல் அப்படியே கிடந்தது.

இதைத்தான் நாங்கள் வீக்னஸ் என்கிறோம், அசதி வேறு, என்றார் அவர். நரம்பு நசுங்கியிருக்கிறது, விரலைத் தூக்கும் தசைக்கு உத்தரவு போய்ச் சேரவில்லை. எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் விரல் அசையாததைக் கண்ட அதிர்ச்சி ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது, அண்ணே. அதைத் தள்ளிக்கொண்டு இன்னொன்று வந்தது. அவர் கையிலிருந்த என் காலணியில் நான் உங்கள் காலணியைப் பார்த்தேன். உங்களுடையது வலது. ஒவ்வொரு ஜோடியும் அதே இடத்தில்தான் தேயும். "கால்ல உப்புத்தாள் கட்டியிருக்கீங்களா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "ரோடு சரியில்ல ம்மா. எடிட்டரம்மா கவர்மெண்ட்டுக்கு ஒரு கட்டுரை எழுது" என்றீர்கள். நான் எடிட்டர் இல்லை, என்றும் ஆனதில்லை. நம் பத்திரிகைக்கு நீங்கள் எடுத்த படங்களுக்குக் கீழே உங்கள் எழுத்துப்பிழைகளைத் திருத்தியதற்காக நீங்கள் வைத்த பெயர் அது.

அந்தக் கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு மருத்துவர் அறையை முழுதாக, வார்த்தை வார்த்தையாக நினைவுபடுத்திக்கொண்டேன். என் தொழிலில் எனக்கு இருந்த ஒரே திறமை அதுதான்.

சிராங்கூன் சாலையில் தீபாவளி அலங்காரத்தைப் படமெடுக்க மடிப்பு ஏணியில் ஏறி, இறங்கும்போது விழுந்தீர்கள். எட்டு மாதம் வலியோடு ஓட்டினீர்கள். ஸ்கேன் எடுத்து, டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொடுகிறது என்று தெரிந்தபின் அறுவை மருத்துவரைப் பார்க்க என்னைத் துணைக்கு அழைத்தீர்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்றில்லை. அமைச்சரையே "சார், லிட்டில் பிட் லெஃப்ட், சின் அப்" என்று நிறுத்திவைத்தவர். ஆனால் ஆஸ்பத்திரி என்றதும் பயந்தீர்கள். "நீ பேசு ம்மா. நான் எதையாச்சும் உளறி, அவங்க வேற எதையாச்சும் வெட்டிறப் போறாங்க."

அந்த மருத்துவர் பொறுமையாகத்தான் கேட்டார். வலி எங்கே, எவ்வளவு நேரம், உட்கார்ந்தால் கூடுகிறதா. பிறகு, காலில் வீக்னஸ் உண்டா என்றார். நான் உங்கள் பக்கம் திரும்பி, "பலவீனமா இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"பலவீனமா? எனக்கா? நல்லா சாப்பிடுறேன், நல்லா தூங்குறேன். பலவீனம்லாம் இல்ல. கால்லதான் சத்து இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. மருத்துவரிடம் திரும்பி, இல்லை டாக்டர், நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார், உடம்பில்தான் கொஞ்சம் சத்துக் குறைவாக உணர்கிறார் என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னேன். முதல் சொல் 'இல்லை'. அவர் அதைக் கணினியில் தட்டினார்.

கால்லதான் என்று நீங்கள் சொன்னதை நான் உடம்பில்தான் என்று மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். பத்திரிகையில் வீக்னஸ் என்றால் நமக்குப் பலவீனம்தான். புயல் பலவீனமடையும், கட்சி பலவீனமடையும். வீட்டுப் பேச்சில் பலவீனம் என்றால் முழு மனிதனும் வாடிக் கிடப்பது. காலைத் தூக்க முடியாதவர் சத்து இல்லை என்றுதான் சொல்வார். அது எனக்குத் தெரியாததா? ஆனால் அந்த அறையில் எனக்குச் சத்து என்றதும் மாத்திரைதான் தோன்றியது. அவருக்கும் அப்படியே தோன்றும்படி சொல்லிவிட்டேன்.

அவர் உங்களைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கியும் தட்டியும் பார்த்தார். வலியில் நீங்கள் எதையும் முழுதாகச் செய்யவில்லை. எது வலி, எது முடியாமை என்று பிரிக்க அவருக்கு உங்கள் வார்த்தைதான் வேண்டியிருந்தது. அவருக்குக் கிடைத்தது என் வார்த்தை. வீக்னஸ் இல்லாததால் அறுவைக்கு அவசரமில்லை, பயிற்சி செய்து பார்க்கலாம், வீக்னஸ் வந்தால் மட்டும் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் வரவேண்டும் என்றார். அதையும் நான் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். "பலவீனம் வந்தா உடனே வரணுமாம்ண்ணே."

தலையாட்டினீர்கள். உங்களுக்குப் பலவீனம் வரவே இல்லை. அதனால் நீங்கள் திரும்பிப் போகவும் இல்லை.

அன்று தேக்காவில் ஒரு டீக்கடையில் தேத்தாரே குடித்தோம். அண்ணிக்குப் போன் செய்து, "கத்தி இல்லையாம். சத்து மாத்திரை குடுத்திருக்காரு லா, நீ சமைக்கிறது பத்தலையாம்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். மறுமுனையில் அண்ணி திட்டுவது எனக்குக் கேட்டது.

ஒரு வருடத்தில் உங்கள் வலது பாதம் தரையில் தட்டென்று விழத் தொடங்கியது. எம்ஆர்டி ரயில் நிலையத்தின் நகரும் படிகளில் காலைக் குதிரைபோல உயர்த்தி வைப்பீர்கள். பிறகு வெளியே படமெடுக்கப் போவதை விட்டுவிட்டு, மற்றவர் எடுத்த படங்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் உட்கார்ந்தீர்கள். வயசு என்றீர்கள். நானும் வயசு என்றே நம்பினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். அதற்கும் காலுக்கும் தொடர்பில்லை.

இன்னும் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் முதுகுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அறுவை செய்யலாம் என்றார்கள். பூன் லேயில் செய்தி சேகரிக்கத் தொழிலாளர்களோடு லாரியில் வந்து இறங்கியபோது, "குதிக்காத, இரு, கை குடுக்குறேன்" என்று நீங்கள் கீழே நின்று சொல்லச் சொல்லக் குதித்தேனே, அதிலிருந்து தொடங்கிய முதுகு. நான் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். என்னோடு வேலை செய்பவருக்கும் இதே பிரச்சினை, அறுவை செய்யவில்லை, நடக்கிறார் என்றேன். இழுத்துக்கொண்டு நடக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். பாதி வாக்கியத்தை விட்டேன். என் மறுப்புக்கு இருந்த ஒரே ஆதாரம் நீங்கள். அந்த ஆதாரத்தை உண்டாக்கியது என் மொழிபெயர்ப்பு. நானே எழுதிய தவறான செய்தியை நானே மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரே அந்தப் பெண் மருத்துவர் முதுகெலும்பின் மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் இருந்த மூன்று வழிகளை விளக்கினார். நரம்பை நசுக்கும் எலும்பையும் பிதுங்கிய டிஸ்க்கையும் மட்டும் செதுக்கி எடுப்பது. அதோடு, ஒன்றின்மேல் ஒன்று லேசாக நழுவியிருக்கும் இரண்டு எலும்புகளைத் திருகாணி போட்டு ஒன்றாக இறுக்குவது. அல்லது எதுவும் செய்யாமல் காத்திருப்பது. முதலாவதில் சீக்கிரம் எழுந்து நடக்கலாம், ஆனால் எலும்பு மேலும் நழுவினால் மறுபடி வெட்ட வேண்டிவரும். இரண்டாவதில் நழுவாது, ஆனால் தேற மாதங்கள் ஆகும், முதுகு அந்த இடத்தில் வளையாது, மேலே உள்ள மூட்டுக்குச் சுமை கூடும். மூன்றாவதில் விரலோடு போனது பாதம் முழுவதும் போகலாம்.

உங்களுக்கு இதில் தெரியாதது எது என்று கேட்டேன். இடம் கொடுத்தபின் சில நரம்புகள் திரும்பி வருகின்றன, சில வருவதில்லை, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரியாது, தாமதிக்கத் தாமதிக்க வாய்ப்புக் குறையும் என்பது மட்டும் தெரியும் என்றார். இரண்டு நாளில் முடிவு சொல்லுங்கள் என்று அனுப்பினார்.

நேற்று மதியம் புக்கிட் பாத்தோக்குக்கு அண்ணியைப் பார்க்கப் போனேன். காயப்போட மூங்கில் கழியில் துணி கோத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நின்றபடியே முழுவதையும் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள், நான் என்ன சொன்னேன், இரண்டையும். உங்களைக் காட்டி நான் அறுவையை மறுத்ததையும்.

கையில் துணிக் கவ்வியோடு கேட்டுக்கொண்டிருந்தவர், "அன்னிக்கு ஆபரேஷன் செஞ்சிருந்தா நேரா நடந்திருப்பாரா?" என்றார்.

"தெரியல அண்ணி. இந்த டாக்டர் சொன்னத வச்சுப் பாத்தா, நடந்திருக்கலாம், நடக்காமயும் இருந்திருக்கலாம்."

"காலை இழுக்காதீங்கன்னு திட்டுவேன்." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "கோயிலுக்குப் போற வழியெல்லாம் திட்டுவேன். சோம்பேறித்தனம்னு நெனச்சேன். செருப்பு வாங்கி மாளலன்னு ஆளுங்க முன்னாடி சொல்லியிருக்கேன்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதான் நானும் நினைத்தேன். மீதித் துணியைக் கோத்துக் கழியைச் சன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டு வந்து, என்னையும் உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தார்.

"இப்ப நீ என்ன செய்யப்போற?"

"செஞ்சுக்கலாம்னு இருக்கேன்."

"அவருக்குச் செய்யலன்னு செஞ்சுக்கப் போறியா?"

நான் குனிந்து என் இடது காலைப் பார்த்தேன்.

"அவர் செய்யலன்னு நாலு வருசம் செஞ்சுக்காம இருந்த. இப்ப அவருக்குச் செய்யலன்னு செஞ்சுக்கப் போற. அவரை விடு ம்மா. உன் முதுகுக்கு என்ன வேணும்னு பாரு."

வீட்டுக்கு வந்து, என் இரண்டு ஸ்கேன் அறிக்கைகளையும், நான்கு ஆண்டுகளுக்கு முந்தையதையும் இப்போதையதையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நழுவல் அன்று எவ்வளவோ இன்றும் அவ்வளவே. அது நகரவில்லை. நரம்புக்கான இடம்தான் சுருங்கியிருக்கிறது. நகராததற்குத் திருகாணி எனக்குத் தேவையாகத் தோன்றவில்லை. நசுங்கியதற்கு இடம் தேவை. பின்னால் நகர்ந்தால் மறுபடி வெட்டலாம், அது தெரிந்துதான் முடிவெடுத்தேன். இன்று காலை மருத்துவமனைக்குப் போன் செய்து முதலாவது வழி என்றேன். மருத்துவரும் அது நியாயமான முடிவுதான் என்றார். வரும் செவ்வாய் காலை. அண்ணி கூட வருகிறார். நான் கேட்கவில்லை, "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

போனில் தாதி ஒருவர் என் விவரங்களைச் சரிபார்த்தார். காலில் வீக்னஸ் உண்டா என்ற கேள்வி அதிலும் வந்தது. இடது கால் பெருவிரலை என்னால் தூக்க முடியவில்லை என்றேன். அவ்வளவு போதும் என்றார்.

அவ்வளவு போதும், அண்ணே. அன்று நீங்களே உங்கள் ஆங்கிலத்தில் "டாக்டர், லெக் கேனாட் லா" என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் உடனே நிமிர்ந்திருப்பார். நீங்கள் பயந்த உளறலில் ஒரு பிழையும் இருந்திருக்காது. நான் பக்கத்தில் இருந்ததால் நீங்கள் வாய் திறக்கவில்லை.

ஏதோ ஒரு கணினியில் உங்கள் பெயருக்குக் கீழே 'வீக்னஸ் இல்லை' என்ற குறிப்பு இன்னும் இருக்கும். அதைத் திறக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பத்திரிகையில் நாம் தவறு செய்தால் மறுநாள் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு சிறு கட்டம் போடுவோம். மன்னிப்பும் விளக்கமும் அதில் வராது, சரியான தகவல் மட்டும் வரும். அதை எழுதிப் பழகிய கை இது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என் விரல் எழுந்தாலும் எழாவிட்டாலும், இந்த நான்கு வரியை நான் வைத்துக்கொண்டிருப்பேன்.

திருத்தம்: நோயாளிக்கு வலது காலில் பலம் இல்லை. அதை அவர் மருத்துவர் அறையில் தெளிவாகச் சொன்னார். உடன் இருந்தவர் அதை மருத்துவரிடம் தவறாகச் சொன்னார். நோயாளி சொன்னது சரி.