அழுகின வேரை வெட்டினேன்

ஹவுகெட்டோ, ஒஸ்லோ
வைகாசி, 2006

என் குஞ்சு தனுஷாவுக்கு அம்மம்மா எழுதுவது,

ரிஷிகேசனுக்கு டொக்டருக்குப் படிக்க இடம் கிடைத்துவிட்டது. கஜேந்தினி அரங்கேற்றம் முடித்தாள். மண்டபத்தில் நிற்கவும் இடமில்லை. சயூரன் நீச்சலில் வெள்ளிப் பதக்கம் எடுத்தான். தங்கம் எடுத்தவன் அவனைவிட ஒரு முழம் உயரம், அதையும் எழுதவேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள். லண்டனில் வங்கி வேலை எடுத்த உன்னையும் சேர்த்துத்தான்.

ரெலிபோனில் நீ கதைக்கும்போது உன் புருஷன் பக்கத்தில் நின்று கேட்கிறான். அதுதான் வங்கி விலாசத்துக்கு எழுதுகிறேன்.

நீ என்னிடம் விட்டுப்போன போன்சாய் மரம் சாகவில்லை. நீங்கள் இரண்டுபேரும் ஈஸ்டருக்கு வந்தபோது, இன்னும் ஒரு கிழமை நிற்கப்போகிறேன் என்று நீ சொன்னதற்கு, அவன் அதைச் சாடியோடு தூக்கி உன் முகத்துக்கு எறிந்தான். சாடி சுவரில் சிதறி, ஒரு துண்டு உன் புருவத்தைக் கிழித்தது. கம்பளத்தில் இரத்தம் இன்னும் போகவில்லை. “கை தவறிப்போச்சு அம்மம்மா” என்றான். பனி அள்ளுகிற சவளால் அவன் முதுகில் நான் போட்டது கை தவறி அல்ல. அப்படியிருந்தும் மறுநாள் அவனோடுதான் விமானம் ஏறினாய். “சனம் என்ன கதைக்கும்? உங்கட மரியாதை போயிடும்” என்றாய்.

மரத்தை மேலும் கெடுத்தது நான்தான். வேறு சாடியில் வைத்து, தோட்டத்து மண்ணை அடைத்து, கறிவேப்பிலைக்கு ஊற்றுவதுபோல மீன் கழுவின தண்ணீர் ஊற்றினேன். இலை கொட்டி, வீடே நாறியது. கஜேந்தினி என்னையும் மரத்தையும் ஸ்ட்ரோம்மனில் ஒரு பூக்கடைக்கு இழுத்துப்போனாள். கடைக்காரி மோந்து பார்த்துவிட்டு, இதற்குள் மீனா வளர்க்கிறீர்கள் என்று கேட்டாளாம். அதை எனக்குத் தமிழில் சொல்லமுடியாமல் கஜேந்தினி சிரித்த சிரிப்பு! பிறகு கடைக்காரி காட்டித்தந்தாள். குச்சியால் மண்ணை உதிர்த்து, கறுத்த வேரை மிச்சம் விடாமல் வெட்டவேண்டும். கொஞ்சம் விட்டாலும் நல்ல வேரைத் தின்றுவிடும். கல்லுமண் போட்டு, சாடியின் ஓட்டைக்குள்ளால் கம்பி கொடுத்து மரத்தை ஆடாமல் கட்டவேண்டும்.

முதலில் வெட்டக் கை கூசியது. அவன் முகத்தை நினைத்தேன். ஒவ்வொரு வேரையும் அவன் விரல் என்று நினைத்து வெட்டினேன். நல்ல வேர் வந்து பால் வடிந்ததும்தான் நிறுத்தினேன். கும்பிடுகிற கைக்கு இப்படி ஒரு நினைப்பு; கடவுள் கோபித்தால் கோபிக்கட்டும். இப்போது துளிர் விட்டிருக்கிறது.

போன சனிக்கிழமை குறொன்லாண்ட் தமிழ்க் கடையில், புஷ்பமலர் எல்லாருக்கும் கேட்க, “உங்கட லண்டன் பேத்தி ராசாத்தி மாதிரி இருக்கிறாளாமே” என்றாள். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற நான் நிமிர்ந்தேன். “இல்லை, புருஷன் அடிச்சு முகத்தை உடைக்கிறான். அவளைக் கூப்பிடப்போறன்” என்றேன். நீ காப்பாற்ற நினைத்த மரியாதையை நானே போட்டு உடைத்துவிட்டேன், குஞ்சு. இனி என்னைச் சாட்டி அங்கே நிற்காதே. பாஸ்போட்டை வங்கியில் வைத்துக்கொள். உடுப்பு எடுக்க வீட்டுக்குப் போகாதே. இரவி மாமா வந்து கூட்டிவருவார். எந்த நாள் என்று மட்டும் சொல்.

சுவரில் இருந்த கல்யாணப் படத்தில் அவனைக் கத்தரித்து எறிந்துவிட்டேன். ஆனால் அவன் கை உன் தோளில் கிடக்கிறது. அதை எடுத்தால் உன்னையும் வெட்டவேண்டி வரும். நீ வந்து சேரும்வரை என் கண்ணுக்கு, நீ தனியே நிற்கிற புதுப்படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு. புருவத்துத் தழும்பு தெரிந்தாலும் பரவாயில்லை.

உயிரோடு வா, என் பிள்ளை.

அம்மம்மா