கண்ணாடிக் கூட்டில் மாத்திரை

என்னங்க,

கோபத்தில் கைத்தடியைக்கூட எடுக்காமல் நடக்கப் போய்விட்டீர்கள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம். சூப் அடுப்பின் மேல் இருக்கிறது.

உங்கள் மூக்குக்கண்ணாடியை ரிப்பேருக்குக் கொடுக்கலாமென்று கூட்டைத் திறந்தால், ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் கொடுத்த மாத்திரைகள். தினமும் "போட்டாச்சு, போட்டாச்சு" என்றீர்களே, அத்தனையும் அதற்குள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. அதைவிட உங்கள் பதில்தான் என்னை உலுக்கிவிட்டது. "விழுந்தா ரத்தம் நிக்காதுன்னு நீதானே சொன்னே? அதான் நிறுத்திட்டேன்."

சொன்னேன், நீங்கள் பார்த்து நடக்கவேண்டும் என்று. நிறுத்தினால் பக்கவாதம் வரலாம், அந்த ஆபத்துதான் பெரியது என்றும் சொன்னேன். உங்கள் காதில் முதல் பாதிதான் ஏறியிருக்கிறது. கிளினிக்கில் நர்ஸாக உட்கார்ந்து எல்லா நோயாளிகளிடமும் இதையேதான் சொல்கிறேன். எத்தனை வீட்டில் எத்தனை கண்ணாடிக் கூடோ என்று நினைத்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டேன். இன்று ஒன்று மட்டும் போடுங்கள். விட்டதற்கெல்லாம் சேர்த்து முழுங்கிவிடாதீர்கள்.

சாயங்காலம் நான் விளக்கப் போவதில்லை. என்ன புரிந்ததென்று நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.

பி.கு.: குளியலறை வாசல் கால்மிதியைத் தூக்கி எறிந்துவிட்டேன். மாத்திரைக்குப் பயந்த மனுஷன் தினமும் அதில்தான் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.