அப்பா பெயின்ட் அடிக்காத கோபுரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறோம், ஸ்பெயினில் அந்த மூர்சியா வெயிலில் நீங்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். எப்போதும்போல் போனில் குரலைப் பதிந்து அனுப்பாமல் ஏன் நோட்டுத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பீர்கள். திரைக்கு அந்தப் பக்கம் அப்பா தூங்குகிறார், நான் வாயைத் திறந்தால் விழித்துக்கொள்வார். வேதியியலில் தேறிவிட்டேன். நீங்கள் அனுப்பிய காலணி சரியாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல எழுதவில்லை.

அப்பாவுக்கு வேலை கிடைக்கப் போகிறது என்று அவரே உங்களிடம் சொல்லிவிட்டார். எல்லாம் நம்ம பொண்ணு எழுதின பயோடேட்டாவாலதான் நொஹேலியா என்று அவர் போனில் கத்தியது தெருவுக்கே கேட்டது, நீங்கள் சந்தோஷத்தில் அழுதீர்கள். அம்மா, அந்த பயோடேட்டாவில் நான் பொய் எழுதினேன்.

சட்டைப் பட்டறை மூடியதிலிருந்து ஏழு மாதமாக அப்பா ஃபாபியோலா அம்மாளின் கடையில் வேலை கேட்கும் அந்த மஞ்சள் ஃபாரத்தை வாங்கி, நீல மையில் நிரப்பி, ஒவ்வொரு வாசலிலும் கொடுத்துவிட்டு வந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. என் வகுப்பில் எல்லோரும் வீட்டாருக்கு செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதித் தருகிறார்கள், நானும் கைப்பேசியில் அதைக் கேட்டேன். அது கேள்வி மேல் கேள்வி கேட்டது. என்ன வேலை செய்தார் என்றது. பதினோரு வருடம் சட்டைக்கு இஸ்திரி போட்டார் என்று அடித்துவிட்டு அழித்தேன். ஒரு இயந்திரத்திடம் சொல்லக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது அம்மா. அந்த இஸ்திரிச் சூட்டில்தான் நான் சாப்பிட்டு வளர்ந்தேன், அதைப் போய் அழித்தேன். அப்புறம், பெயின்டர், தேவாலயத்துக்கு அடித்திருக்கிறார் என்று எழுதினேன். உங்களுக்குத் தெரியும், அவர் அடித்தது வெளியே இருக்கும் குட்டைச் சுவருக்கு. எவ்வளவு உயரத்தில் வேலை செய்தார், எண்ணாகச் சொன்னால் நன்றாக இருக்கும், உண்மையானதை மட்டும் கொடுங்கள் என்று அது கேட்டது. நான் முப்பத்திரண்டு மீட்டர் என்று போட்டேன். அந்தத் தேவாலயக் கோபுரத்தின் உயரம் அது. கயிறு கட்டித் தொங்கியா என்றது, ஆமாம், ஆறு வருடம் என்றேன். நான் சொன்ன பொய்யையெல்லாம் அது அழகான வாக்கியங்களாக மாற்றித் தந்தது. படித்தபோது யாரோ ஒரு பெரிய மனிதருக்கு நான் மகள் மாதிரி இருந்தது.

அப்பா படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அச்செடுத்துக் கொடுத்த ஃபாபியோலா அம்மாள், எலியேசரு, ஃபாரத்துல உனக்கு ரெண்டு வரிதானேய்யா இருந்துச்சு, இதுல ஜனாதிபதி வேலைக்கே போகலாம் போலிருக்கே என்று கிண்டல் செய்தார். அப்பா தலையை நிமிர்த்திக்கொண்டு, என் மக எழுதினதாக்கும் என்றார்.

வேலை பெரெய்ரா நகரத்தில், பதினான்கு மாடிக் கட்டடம், வெளிப்புறம் பெயின்ட் அடிக்க வேண்டும். இஞ்சினியர் தாளைப் பார்த்து, கோபுரத்தில் தொங்கியது நீங்கள்தானா என்று கேட்டாராம். சாயந்திரம் சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். இல்லன்னு சொன்னா என் பொண்ணப் பொய்க்காரின்னு நெனச்சிருவாங்கல்ல, அதான் நாந்தான் சார், மேல காத்து மட்டும் கொஞ்சம் ஜாஸ்தின்னு விட்டேன், கோபுரத்துல காத்து இருக்கும்ல என்றார். பெரெய்ராவின் உயரமான பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் பக்கம் உட்காராமல், கண்ணை மூடிக்கொண்டு முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொள்கிற மனிதர் அம்மா அவர். வேண்டாம் அப்பா, போகாதீர்கள் என்று கெஞ்சினேன். ஒரு நாள் பயிற்சி குடுப்பாங்க, கண்ண மூடிக்கிட்டா எல்லா மாடியும் ஒண்ணுதான், உங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாத, அங்கேருந்தே செருப்பக் கழட்டி எறிவா என்கிறார். நான் எது சொன்னாலும் கேட்கப் போவதில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதக் கை வரவில்லை. பயோடேட்டாவின் கடைசியில் நம்மைத் தெரிந்தவர்கள் இரண்டு பேரின் பெயர் வேண்டும், சொந்தக்காரர்கள் கூடாது. ஒன்று ஃபாபியோலா அம்மாள். இன்னொன்று நீங்கள். உங்கள் குடும்பப் பெயர் வேறு, அப்பாவுடையது வேறு, மனைவி என்று யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். நொஹேலியா மரின் க்ரிசாலெஸ், கோபுரச் சீரமைப்பை மேற்பார்வையிட்டவர், இப்போது ஸ்பெயினில் இருக்கிறார் என்று போட்டு உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டேன். விடிந்ததும் எட்டு மணிக்கு இஞ்சினியர் உங்களைக் கூப்பிடுவார், உங்களுக்கு அப்போது பிற்பகல் மூன்று. நீங்கள் ஆமாம் என்று சொன்னால் அப்பாவை வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

நானே இஞ்சினியருக்கு இரண்டு முறை போன் போட்டேன். அவர் ஹலோ என்றதும் வைத்துவிட்டேன். பள்ளியில் சொல்வார்களா, போலீஸ் வருமா என்று பயமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம், அப்பா செய்ததையே நீங்களும் செய்துவிடுவீர்களோ என்பதுதான். என் பெயர் கெடக் கூடாது என்று, ஆமாம் சார், நல்ல வேலைக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள். நான் அவர் மனைவி, அவர் ஏணியில் நான்காம் படிக்கு மேல் ஏறியதில்லை, பதினாறு வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவள்தான் பொய் எழுதினாள் என்று சொல்லுங்கள். பெயர் கேட்டால் பெயரையும் சொல்லுங்கள். அப்பா என்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, இருக்கட்டும். இந்த ஒரு தடவை என்னைக் காப்பாற்றாதீர்கள் அம்மா.

நீங்கள் பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மா தூங்குகிறார் என்று போனை ஊமையாக்கி வைத்துவிடாதீர்கள், மூன்று மணிக்குக் கையிலேயே வைத்திருங்கள். கேட்கத் தகுதி இல்லை என்றாலும் கேட்கிறேன், அங்கிருந்தே எனக்கும் அப்பாவுக்கும் ஒரு சிலுவை வரைந்து ஆசி அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
யெரால்தின்