ஒரு பங்கு சீம்பால்

ஆகஸ்ட் 6, 1973

குளித்தும் பால் வாடை போகவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பால் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை. வீட்டில் கடுங்காப்பிதான். அம்மா கன்னடத்தில் திட்டுகிறாள், தமிழில் அவளுக்குத் திட்டக்கூட வராது.

திருச்சுழிப் பக்கத்துப் பால் பாட்டில்களை, ஊர் ஊராகப் போய்ச் சேகரிக்கிற காளிராஜ் மத்தியானத்துக்கு மேல்தான் கொண்டுவந்தார். "ரோடாம்மா அது?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். நான்தான் ரோடு போட்டேன் போலிருக்கிறது.

இந்த வறண்ட சீமையில் கலப்பின மாடு தேறுமா என்று ஆராய்ச்சி. மாட்டுக்கு ஒரு நம்பர், மாதம் ஒரு பாட்டில். கொழுப்பு பார்க்கிறேன், நோய் பார்க்கிறேன், கழுவுகிறேன், கவிழ்க்கிறேன். மறுநாள் மறுபடியும் அதே. நெசவுக்கார வீட்டுப் பெண் நான். மாட்டின் பக்கத்தில் போனால் இன்னும் பயம்தான்.

ஆகஸ்ட் 7

ஒரு குழாயில் வளையம் வந்துவிட்டது.

பாலில் நீல மருந்தைச் சொட்டி வெந்நீரில் வைத்தால், நல்ல பால் என்றால் பால் நீலமாகி, ஏடு மட்டும் மேலே வெள்ளையாக நிற்கும். சினை கலைந்து கன்று வீசுகிற நோய் இருந்தால் ஏடு நீலமாகத் திரண்டு வளையம் கட்டும். இது சேலைக் கரை மாதிரி அழுத்தமாகக் கட்டியிருந்தது. நாலைந்து மாதமாக வராமலிருந்து இப்போது வந்த பாட்டில். நோட்டில் பார்த்தால் ராக்கம்மாள் என்பவளின் மாடு.

எங்கள் மாட்டு டாக்டர் வேங்கடபதி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அந்த மாட்டுப் பாலை நிறுத்தச் சொல்லுங்க. இன்னொரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். இன்னொரு தடவை பார்க்க மருந்து இல்லை. அந்தச் சின்னக் குப்பியில் கடைசிச் சொட்டும் போய்விட்டது. இனி வெளியூரிலிருந்து ஐஸில் வைத்து வர வேண்டும்.

எப்போது வரும்? யாருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 11

காளிராஜ் சேதியைச் சொல்லிவிட்டாராம். எங்கே? பால் ஊற்ற ஊரே வரிசையில் நிற்கும்போது! "ரகசியமாச் சொல்ல அதென்ன கலியாணச் சேதியாம்மா?" என்கிறார். இப்போது ஊரே ராக்கம்மாளைத் திட்டுகிறதாம். புருஷன் பால்சாமி மாட்டைப் பந்தல்குடித் தரகருக்குத் தள்ளிவிடப் போகிறாராம். அங்கே லாரியில் ஏறினால் அறுப்புக்குத்தான்.

ஆகஸ்ட் 18

மருந்து வரவில்லை. முதுகு வலி.

ஆகஸ்ட் 20

டாக்டரிடம் கேட்டுவிட்டு ராக்கம்மாளின் ஊருக்குப் பஸ் ஏறினேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மருந்து வரும்வரை மாட்டைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான். சாலை நெடுக வேலிக்கருவையும் புழுதியும்.

ராக்கம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். மாட்டைத் தொழுவத்தில் விடாமல் தூரமாகப் புளியமரத்தடியில் கட்டியிருந்தாள். கன்று துள்ளிக்கொண்டிருந்தது. நோய்ப்பட்ட மாட்டுக்கு இப்படி ஒரு கன்றா?

"எப்ப போட்டது?" என்றேன்.

"ஆடி அமாவாசைக்குப் பின்னாடி தாயி. காளிராஜண்ணன் பாட்டிலு கொண்டாந்த அன்னைக்கு முந்துன நாளு."

"அப்ப பாட்டில்ல ஊத்துனது?"

"சீம்பாலுதான்! கன்னு போட்டா அரை மாசம் கழிச்சுத்தான் ஊத்தணும்னு அண்ணன் சொல்லியிருந்தாக. எனக்குத்தான் மனசு கேக்கலை. தெருவுல அம்புட்டு வீட்டுக்கும் குடுத்தேன், எங்க மாட்டையே பாத்துக்கிட்டு இருக்கிற ஆபீஸ்காரவுகளுக்கு ஒரு பங்கு வேண்டாமா? விலைக்கா குடுத்தேன்? ஆசையாக் குடுத்தேன் தாயி."

அந்தப் பாலுக்கு இந்தச் சோதனையே செல்லாது. நோய் இல்லாவிட்டாலும் சீம்பால் வளையம் காட்டும். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதிக்கூட இருக்கிறேன். ஆனால் வாழ்நாளில் சீம்பாலைப் பச்சையாகப் பார்த்தவளா நான்? பால் கெடாமலிருக்கப் பாட்டிலில் போடும் மாத்திரை வேறு எல்லாப் பாலையும் சீம்பால் மாதிரி மஞ்சளாக்கித் தொலைக்கிறது. அவள் ஆசை அந்த மஞ்சளுக்குள் ஒளிந்துகொண்டது.

சொன்னேன். அவளுக்குப் பாதி புரிந்தது. "அப்ப நான் குடுத்ததுதான் தப்பா?" என்று கேட்டாள். தப்புன்னு எப்படிச் சொல்றது அந்த மூஞ்சியப் பாத்து?

தெருவில் சீம்பால் சாப்பிட்ட அத்தனை பேரும் இப்போது அவளோடு பேசுவதில்லை. மாரிக்கனி என்ற பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, "நோய்ப்பாலை எம் பிள்ளைக்குக் குடுத்துட்டாளே பாவி" என்று மண்ணை வாரித் தூற்றினாளாம்.

பால்சாமி இதையெல்லாம் கன்றைப் பிடித்துக் கட்டியபடியே கேட்டார். கடைசியில், "தரகன் வெள்ளிக்கிழமை வாரான். மறுக்கா வரச் சொல்றேன். அதுக்கு மேல தாங்காதும்மா" என்றார்.

ஆகஸ்ட் 27

மருந்து வந்தது! ஐஸ் முழுவதும் உருகி மரத்தூள் களிமண்ணாகியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், குப்பி இன்னும் சில்லென்றுதான் இருந்தது. கும்பிட்டுவிட்டு உள்ளே வைத்தேன்.

ஆகஸ்ட் 30

காளிராஜ் நேற்றுக் கறந்து கொண்டுவந்த பால். குழாயை வைத்துவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் பாட்டில் கழுவினேன். திரும்பி வந்தால் கீழே நீலம், மேலே ஏடு வெள்ளை வெளேரென்று. டாக்டர் ரத்தமும் எடுத்துவரச் செய்து பார்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை. பிழைத்தது மாடு.

செப்டம்பர் 9

டாக்டரே ஊருக்குப் போய் எல்லாரையும் கூட்டி விவரம் சொன்னாராம். எல்லாரும் தலையாட்டினார்களாம். பால் நிலையத்திலும் மறுபடி வாங்குகிறார்கள். ஆனால் தெருவில் யாரும் அவள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்கிறார் காளிராஜ். வளையத்தைக் குழாயிலிருந்து கழுவலாம். ஊர் வாயிலிருந்து எப்படிக் கழுவுவது?

பிப்ரவரி 4, 1974

தண்ணீர்க் கஷ்டம். பாட்டில் கழுவுகிற தண்ணீரை வாளியில் பிடித்து மறுபடி கழுவினேன். அலுப்பு.

அக்டோபர் 13, 1974

ஞாயிறு. கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம் என்றிருந்தேன். வாசலில் அம்மாவின் உடைந்த தமிழ். எழுந்து போய்ப் பார்த்தால் ராக்கம்மாள். முதல் பஸ்ஸைப் பிடித்து, பெரிய தூக்குச்சட்டி நிறையச் சீம்பாலோடு வந்து நிற்கிறாள்.

"முந்தாநாளு கெடாரிக் கன்னு போட்டுச்சு தாயி. தெருவுல யாரும் வாங்கலை. சண்டைக்கும் வரலை, கதவையும் சாத்தலை. 'வயிறு சரியில்லை, இருக்கட்டும்'ங்கிறாக. அம்புட்டு வீட்டுலயும் ஒரே நாள்ல வயிறு சரியில்லையாம்." சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கீழ ஊத்த மனசு வரலை. அதான் வந்தேன்."

அம்மா சட்டியை வாங்கிக்கொண்டு போய்க் கருப்பட்டியும் ஏலமும் போட்டு இட்லிக் கொப்பரையில் அவித்தாள். துண்டு போட்டுத் தட்டில் அடுக்கி என் கையில் கொடுத்தாள். எங்கள் தெருவில் தறிச்சத்தம் கேட்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன். ராக்கம்மாள் பின்னாலேயே வந்து, வாசலுக்கு வாசல் எட்டி நின்றாள். சென்னகேசவன் மாமா தறிக்குழியை விட்டு எழுந்து வந்து வாங்கினார். "உங்க வீட்ல ஏது மாடு?" என்றார். "எங்க அக்கா மாடு" என்று அவளைக் காட்டினேன். அவர் மனைவி பேத்திக்கென்று இன்னொரு துண்டு கேட்டாள்.

தட்டில் கடைசித் துண்டு மிஞ்சியது. ராக்கம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க பாலே தொட மாட்டீகன்னு காளிராஜண்ணன் சொன்னாக" என்றாள்.

தின்றேன். இறங்கியது.

அவள் கிளம்பும்போது, வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாதென்று அம்மா தூக்குச்சட்டியில் இரண்டு கை சர்க்கரை போட்டாள். ராக்கம்மாள் பையிலிருந்து எங்கள் ஆபீஸ் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். சுத்தமாகக் கழுவி, துணி சுற்றி வைத்திருந்தாள்.

"இதுல அரை மாசம் கழிச்சு ஊத்துறேன் தாயி" என்றாள். "இன்னைக்குக் கொண்டாந்தது வேற."