எனக்குப் பதிலாக உங்கப்பா காட்டிய அட்டை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். மூச்சு சீராக வருகிறது, வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை, ஆனாலும் நீ பதறும் அளவுக்கு ஒன்றுமில்லை. நீயும் மருமகளும் நம் வாயாடிக் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருந்தால் எனக்கு அது போதும். போனில் சொல்ல முடியாததால்தான் காகிதத்தை எடுத்தேன். போனில் நீ அழுதுவிடுகிறாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுகிறேன், மூன்று மாதமாக இதே கதைதான். காகிதம் அழாது, அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். இருமல் குறைந்திருக்கிறது. கப்பலில் புகை குடித்த நுரையீரல் தேற இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரம்மா மாத்திரையை மேலே கொண்டுவந்து கொடுத்து, நான் விழுங்குகிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறாள், அவளுக்கு நான் என்ன உறவோ தெரியவில்லை. நம் கட்டட லிஃப்ட் இரண்டு வாரமாக இரண்டாவது மாடியில் நின்று கிடந்தது. படியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம், "சார் இருந்திருந்தா பத்து நிமிஷ வேலை"னு சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். போன வாரம் யாரோ ஒரு புது மெக்கானிக் வந்து ஓட விட்டுவிட்டுப் போனான், ஆனால் கதவு மூடும்போது கிறீச் என்று கத்துகிறது. முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த உங்கப்பா இதைக் கேட்டிருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அவருடைய கருவிப் பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தேன், மனசு கேட்கவில்லை, திரும்பக் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிட்டேன்.

மருமகள் உனக்குத் தெரியாமல் என்னோடு பேசினாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம், சும்மா இருக்கிற குழந்தை மேல் எரிந்து விழுகிறாயாம். சனிக்கிழமை தோறும் நீங்கள் தீவிலிருந்து கரைக்கு வருகிற படகில், நாலு மணி நேரமும் குட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழிப்பறைக்குக்கூட விடமாட்டேன் என்கிறாயாம், போன வாரம் படகு ஊழியரோடு சண்டையாம். போன தடவை போனை வைக்கும் முன்னால் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "கப்பல் டிக்கெட் எடுத்துக் குடுத்தது நான்தானம்மா, அப்பாவ நானேதான் கொன்னுட்டேன்"னு சொன்னாய். அன்றையிலிருந்து அந்த வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அது உன் மேல் விழ வேண்டிய பழி இல்லை கண்ணா. யார் மேல் விழ வேண்டும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் மூன்று மாதமாக வாயை மூடிக்கொண்டு உன்னை அழ விட்டேன்.

கப்பல் கம்பெனி மேல் புகார் கொடுக்க நீ அனுப்பிய காகிதம் வந்தது. "கப்பலில் எங்களுக்கு எந்தப் பாதுகாப்புப் பயிற்சியும் தரப்படவில்லை" என்று அழகாக அச்சடித்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறியும் போட்டிருக்கிறாய். அப்படி நினைத்துக்கொள்ளும்படி உன்னை விட்டது நான்தான், நீயாகக் கற்பனை செய்யவில்லை. பயிற்சி நடந்தது. கப்பல் புறப்பட்ட அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, எல்லாரும் அவரவர் அறைச்சாவி அட்டையோடு அவரவர் கூடுமிடத்துக்கு வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொன்னார்கள். எங்களுக்கு ஆறாம் எண், மேல்தளத்தில் இடது பக்கம், அறைக் கதவின் உள்பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. அங்கே போய் அட்டையை மெஷினில் காட்டினால் வந்துவிட்டோம் என்று பதிவாகும், லைஃப் ஜாக்கெட் போடுவது எப்படி, ஆபத்துச் சங்கு எப்படி ஊதும், எந்தப் படியில் ஏறி வர வேண்டும் எல்லாம் காட்டுவார்கள். நான் அப்போதுதான் குளித்துவிட்டு வந்து படுத்திருந்தேன். எழுந்து போக அலுப்பு. என் அட்டையை உங்கப்பா கையில் திணித்து, எனக்கும் சேர்த்து நீங்களே காட்டிவிட்டு வந்துவிடுங்கள் என்றேன்.

இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். ஆவணப் பிரிவில் இருபத்தொன்பது வருஷம் இருந்தேன். நாங்கள் நாலு பேர், எவள் தாமதமாக வந்தாலும் மற்றவள் வருகைப் பதிவேட்டில் அவளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். உனக்கு அம்மை போட்டபோது நான் பத்தரைக்குத்தான் போவேன், ஒன்பது மணிக்கே என் கையெழுத்து அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். அதைத் தப்பு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, ஒருத்திக்கு ஒருத்தி செய்கிற உதவி என்றுதான் நினைத்தோம். பதிவேட்டில் பேர் இருந்தால் ஆள் இருந்த மாதிரிதான். அதே புத்தியைக் கப்பலுக்கும் கொண்டுபோனேன், அவ்வளவுதான். உங்கப்பாவுக்கு மனசே இல்லை. லிஃப்ட் வேலை பார்த்தவர், பரிசோதனை என்றால் அவருக்குப் பரிசோதனைதான். "தண்ணியில விழுந்தா நீச்சலும் உனக்குப் பதிலா நானே அடிக்கணுமா?"ன்னு கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே, அதையும் நீங்களே அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அவர் போனார். அங்கே தொப்பி போட்ட சின்னப் பெண் ஒருத்தி பட்டியலோடு நின்றாளாம், உங்க வீட்டம்மா எங்கே என்று கேட்டிருக்கிறாள். பொய்யே சொல்லத் தெரியாத மனுஷன் எனக்காக, "பாத்ரூம்ல இருக்கா, தோ வந்துடுவா"ன்னு சொல்லி இரண்டு அட்டையையும் காட்டிவிட்டு வந்தார். திரும்பி வந்து எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கத்தான் பார்த்தார். ஏழு தடவை குட்டையா ஊதும், எட்டாவது நீளமா ஊதும் என்று அவர் ஆரம்பிக்கும்போது நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன், சரி சரி அப்புறம் சொல்லுங்க என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி. எனக்குத் தலைவலி, படுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன், அவர் மேலே நடக்கப் போனார். அரைமணியில் தலைவலி விட்டுவிட்டது. பக்கத்து அறைப் பெண்மணிகள் இரண்டு பேர் கூப்பிட்டார்கள் என்று கப்பலின் பின்பக்கம் டீ குடிக்கப் போய்விட்டேன். ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைக்கத் தோன்றவில்லை. சங்கு ஊதியபோது யாருக்கோ பிறந்தநாள் போல என்று சொல்லிச் சிரித்தேன். அப்புறம் தரை சாய்ந்தது, மேஜையிலிருந்த கோப்பைகள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடின, எஞ்சின் அறைப் பக்கத்திலிருந்து கறுப்பாகப் புகை. எனக்கு ஆறாம் எண்ணும் தெரியாது, இடதும் தெரியாது. கும்பல் போன பக்கம் போனேன், அது வலது பக்கம். யாரோ என்னைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தார்கள், யாரோ போர்வை போர்த்தினார்கள். படகில் உட்கார்ந்துகொண்டு நான் உங்கப்பாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பெண்டாட்டி ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பே இல்லை, தன் உயிர்தான் பெரிசு என்று எந்தப் படகிலோ ஏறிப் போய்விட்டார் பார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் வாய்க்கு வந்தபடி சொன்னேன். சொன்னேன்டா கண்ணா. அதை அள்ளி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

கரையில் எங்களை ஒரு பெரிய கொட்டகையில் வைத்திருந்தார்கள். அங்கேதான் அந்தத் தொப்பிக்காரப் பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள், முகமெல்லாம் கரி. உங்கப்பா சங்கு ஊதிய உடனேயே ஆறாம் இடத்துக்கு வந்துவிட்டாராம், முதல் ஆளாக. பத்து நிமிஷம் நின்றாராம். ஆட்கள் போய் அறைகளைப் பார்ப்பார்கள், நீங்கள் நகரக் கூடாது என்று இவள் சொல்லியிருக்கிறாள், கையைக்கூடப் பிடித்திருக்கிறாள். "அவளுக்கு இந்த இடமே தெரியாதும்மா, அன்னிக்கு அவ வரவே இல்ல, நான்தான் பொய் சொன்னேன்"னு சொல்லிக் கையை உதறிவிட்டுக் கீழே இறங்கிவிட்டாராம். அறை வரைக்கும் போயிருக்கிறார். அவர் சட்டைப் பையில் இருந்ததாக அப்புறம் கொடுத்தார்களே, அதில் என் பிரஷர் மாத்திரை டப்பாவும் மூக்குக்கண்ணாடியும் இருந்தன. அதை உன்னிடம் சொல்லவில்லை, ஒளித்து வைத்துவிட்டேன். ஆள் இல்லாத அறையில் என் மாத்திரையைத் தேடி எடுத்திருக்கிறார். அவர் கிடந்தது எங்கள் அறை இருந்த தளத்துக்கும் மேல்தளத்துக்கும் நடுவில், படியில்.

கப்பல்காரர்கள் மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை, எஞ்சின் ஏன் எரிந்தது என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும், நானும் வந்து சொல்கிறேன். ஆனால் பயிற்சி தரவில்லை என்ற இந்தக் காகிதம் போனால் முதலில் மாட்டுவது அந்தப் பெண்தான். பட்டியலில் நான் வந்ததாகக் குறித்தது அவள்தானே. பெரிய மனுஷர் சொல்கிறாரே என்று நம்பினாள், அது ஒன்றுதான் அவள் செய்த தப்பு. இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். போட்ட பொய்க் கையெழுத்துகளுக்கே எனக்கு இன்னும் கணக்குத் தீரவில்லை. உன் காகிதத்தை இத்தோடு மடித்து அனுப்பியிருக்கிறேன், பின்பக்கத்தில் நடந்ததை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அனுப்புவதாக இருந்தால் அதை அனுப்பு.

இப்போது உன் படகு விஷயம். குழந்தையை மடியில் கட்டி வைத்துக்கொள்வது பாதுகாப்பு இல்லை, அது பயம். ஏறியதும் மூன்று பேரும் எழுந்து நடங்கள், லைஃப் ஜாக்கெட் எந்தப் பெட்டியில் என்று திறந்து பாருங்கள், பிள்ளை அளவில் இருக்கிறதா என்று கேள், நீயே குட்டிக்கு ஒரு தடவை போட்டுக் கழற்று. வெளியே போகிற வழிக்கு எத்தனை இருக்கை என்று உட்கார்ந்த இடத்திலிருந்து கையால் தடவி எண்ணி வை, புகையில் கண் தெரியாது. யாருக்காகவும் யாரும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டாம், அலுப்பாக இருந்தாலும் மருமகளும் தன் காலால் போய்ப் பார்க்கட்டும். மாத்திரை அவரவர் சட்டைப் பையில். எழுந்து போனால் எங்கே என்று சொல்லிவிட்டுப் போகணும். செருப்பு வேண்டாம், கட்டுகிற ஷூ போடு. படகு ஊழியரிடம் மன்னிப்புக் கேள், ஆபத்தில் அவன் சொல்வதைத்தான் நீ கேட்க வேண்டியிருக்கும். முக்கியமானது ஒன்று. குட்டி யார் பொறுப்பு என்று ஏறும் முன்பே பேசிவைத்துவிடுங்கள், பொறுப்பேற்றவர் குட்டியோடு போய்க்கொண்டே இருக்கணும். பெரியவர்கள் நீங்கள் இரண்டு பேரும் பிரிந்துவிட்டால் ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கொண்டு உள்ளே திரும்பக் கூடாது, நேராகக் கூடுமிடம். கேட்கும்போது கல்மனசுக்காரி பேச்சு மாதிரி இருக்கும். வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். நானும் உங்கப்பாவும் முப்பத்தாறு வருஷத்தில் என்னென்னவோ பேசினோம், இதைப் பேசவில்லை. என்னைத் தேடி வராதீங்க என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார், நான் சொன்ன எல்லாவற்றையும்தானே கேட்டார்.

நீ வாங்கிக் கொடுத்தது நல்ல பயணம். நாலு நாள் அவர் சின்னப் பையன் மாதிரி கப்பல் முழுக்கச் சுற்றினார், என் பிள்ளை அனுப்பினான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார், எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த நாலு நாளும் உன்னுடையவை, அவற்றைப் பழியாக்கிக்கொள்ளாதே. ஐந்தாவது நாள் என்னுடையது. இதைப் படித்த பிறகு உனக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போகலாம், அதற்குப் பயந்துதான் இத்தனை நாள் எழுதவில்லை. போனால் போகட்டும், நீ சாப்பிட்டுத் தூங்கினால் போதும்.

மூன்று பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், குட்டியின் கன்னத்தில் என் முத்தம். சனிக்கிழமை கரை சேர்ந்ததும் போன் பண்ணு. திட்டுவதற்காகவாவது பண்ணு. நீ பேசி முடிக்கிற வரைக்கும் நான் குறுக்கே பேச மாட்டேன், போனையும் வைக்க மாட்டேன்.

உன் அம்மா