சூடு தெரியாத கை

மறையூர்
மாசி மாதம் பத்தாம் தேதி, புதன்கிழமை

என் ஆத்தா கோமதிக்கு, அப்பன் சொல்லச் சொல்ல நம்ம அங்கன்வாடி இன்பமேரி டீச்சர் எழுதுகிற கடிதம். சார்ஜாவில் நீ காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே உன் அம்மா சின்னத்தாயி நன்றாக இருக்கிறாள். நானும் நன்றாக இருக்கிறேன் என்று எழுதச் சொல்ல வாய் வந்துவிட்டது, டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அதனால் உள்ளதைச் சொல்கிறேன். போனில் நீ எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்டதும் எனக்கென்ன என்றுதான் வாய் சொல்லுது, பக்கத்தில் அம்மாவும் நிற்கிறாள். கடிதத்தில் அந்தப் பொய் வராது என்றுதான் இந்த ஏற்பாடு. டீச்சர் இதை போட்டோ பிடித்து உனக்கு அனுப்பும், படித்ததும் பதறாதே, எனக்குப் பதறுகிறதே போதும்.

தை மாதம் இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை, வெல்ல ஆலையில் மூன்றாவது கொப்பரை இறக்குகிற நேரம். உனக்குத் தெரியும், பாகு பதம் வந்ததும் நாலு பேர் கயிற்றைப் பிடித்து ஒரே மூச்சில் கொப்பரையைச் சாய்த்து மரத்தொட்டியில் ஊற்ற வேண்டும், ஒருத்தன் நின்று குரல் கொடுப்பான். ஒக்கப் பிடி என்று குரல் வந்தது, எல்லாரோடும் ஒன்றாகப் பிடித்தேன். சாய் என்றான், மற்ற மூன்று பேரும் இழுத்தார்கள், என் கை இழுக்கவில்லை. நான் இழு என்றுதான் சொன்னேன் தாயி, என் மனசு சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது, கைதான் அந்த நேரத்துக்கு வரவில்லை, கயிறு நழுவிப் போன பிறகு சும்மா மூடிக்கொண்டது. கொப்பரை என் பக்கம் கோணி, பாகு எனக்கு அடுத்து நின்ற மணிகண்டன் பாதத்தில் விழுந்தது. பாகு தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு வேகும். அவன் கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. கிழவன் தண்ணி போட்டுட்டு வந்து கயித்தைப் பிடிச்சிருக்கான் என்று அவன் பெண்சாதி ரோட்டில் நின்று ஏசினாள். நான் தண்ணி தொட்டுப் பதினான்கு வருஷம் ஆகிறது, நீ பத்தாங்கிளாஸ் பாஸான அன்றைக்கு விட்டது. ஆனாலும், குடித்திருந்தாலாவது காரணம் தெரியுமே என்று இருந்தது.

பிறகு டீச்சர்தான் என்னை மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது. உன் அம்மாவிடம் கண் டெஸ்ட் என்று சொன்னோம். குழாய்க்குள்ளே படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள், கழுத்தில் எலும்பு வளர்ந்து முதுகுத்தண்டை நெரிக்குது என்றார்கள். டாக்டரம்மா உன் வயசு இருக்கும், மலையாளத்துப் பிள்ளை, தமிழ் நல்லாப் பேசுது. அவங்க ஊரில் பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி அப்பச்சா என்று கூப்பிட்டு, இன்னொரு டெஸ்ட் இருக்கு, இது உங்க வைத்தியத்துக்கு இல்ல, எங்க படிப்புக்கு, சம்மதமா என்று கேட்டது. சரி என்றேன். தலையில் வலைத்தொப்பி மாட்டி, முன்கையில் வயர் ஒட்டி, ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து ரொம்ப அழுத்தாம ஒரே சீரா பிடிச்சுக்கிட்டே இருங்க என்றது. பிடித்தேன். முடிந்ததும் அது சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்கிறேன், எழுத்து தெரியாதவனுக்குக் காதுதானே நோட்டு. நாம ஒரு பொருளைப் பிடிச்சு நிறுத்தும்போது மூளையிலிருந்து ஒரு தாளம் கிளம்புமாம், செகண்டுக்கு இருபது தடவை போல. முதுகுத்தண்டு அதைக் கீழே கடத்த, கைச்சதையும் அதே தாளத்தில் துடிக்குமாம். சதை திரும்ப மேலே சேதி அனுப்புமாம், பிடிச்சிருக்கேன், இம்புட்டு கனம், இம்புட்டு சூடு என்று. போறதும் வர்றதும் சேர்ந்தால்தான் பிடி நிற்குமாம். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டு படம் காட்டியது. நல்லா இருக்கிற ஆளின் படத்தில் அந்தத் தாளம் ஒத்துப்போகிற இடத்தில் ஒரு மேடு எழும்பியிருந்தது. என் படத்தில் அந்த இடம் அறுத்துவிட்ட கரும்புக்காடு மாதிரி சமமாகக் கிடந்தது.

எனக்கு ஆலைதான் ஞாபகம் வந்தது. மேலே ஒருத்தன் குரல் கொடுக்கிறான், கீழே கயிற்றைப் பிடித்தவனுக்குக் காது கேட்கவில்லை, கீழே இருக்கிறவன் கத்துவதும் மேலே எட்டவில்லை, நடுவில் பாகு கொதிக்கிறது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது கோமதி. இரண்டு வருஷமாக நான் உருண்டை பிடிக்கும்போது மற்றவர்கள் ஆறட்டும் என்று நிற்பார்கள், நான் ஆவி பறக்கிற வெல்லத்தில் கையை விட்டு அள்ளுவேன். மொக்கையண்ணன் கை தோல் இல்லப்பா, இரும்பு என்பார்கள். காந்தலூரிலிருந்து வெல்லம் வாங்க வருகிறவன்கூட நின்று வேடிக்கை பார்ப்பான். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சிரித்தேன். தொழிலில் கை காய்த்துவிட்டது என்று நினைத்தேனே ஒழிய, வர வேண்டிய சேதி வரவில்லை என்று நினைக்கவில்லை. பதினான்கு வயசிலிருந்து தலையில் கரும்புக்கட்டு சுமந்த கழுத்து, அங்கேயே அமுங்கி நின்றுபோயிருக்கிறது.

இப்போது சட்டைப் பித்தான் மாட்ட வரவில்லை. உன் அம்மா ஒன்றும் கேட்காமல் வந்து மாட்டிவிட்டுப் போகிறாள், அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கினால் தரை பஞ்சு மாதிரி இருக்கிறது. கழுத்தில் ஆபரேசன் செய்து எலும்பு நெரிக்கிறதைத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் காலும் போகும், செய்தால் இனிமேல் கெடாது, போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. உன் பெரியப்பா பலா மரத்திலிருந்து விழுந்து ஒன்பது வருஷம் நாலு மாசம் படுக்கையில் கிடந்தார், நான்தான் புரட்டிப் போட்டுக் கழுவினேன். அந்தக் கட்டில் கண்ணிலேயே நிற்கிறது. இன்னொரு பயமும் இருக்கிறது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அந்த டாக்டரம்மாவும் கையால்தானே அறுக்கும். என் கை நாற்பது வருஷம் தப்பாமல் இருந்து ஒரு நாள் தப்பியது.

நேற்று மணிகண்டன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், எனக்குச் சூடு தெரியாததைப் பெருமை என்று நினைத்தேன், அந்தப் பெருமையிலேயே கயிற்றைப் பிடித்தேன், தப்பு என்னுடையது என்று சொல்லிக் கையைக் கூப்பப் போனேன், அதுவும் நேராகக் கூடவில்லை. அவன் பெண்சாதி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவன் கட்டுப்போட்ட காலைத் தூக்கிக் காட்டி, என் காலை அச்சு வெல்லமாக்கிட்டு உங்க கழுத்துக்கு மட்டும் கத்தி ஆகாதோ, போய்ப் படுங்கண்ணே, நொண்டிக்கிட்டாவது நானும் கூட வர்றேன் என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அந்தப் பெண் காப்பி கொண்டுவந்து என் கையில் கொடுக்காமல் திண்டில் வைத்தது. கோபத்தில் என்று நினைத்தேன். அண்ணனுக்குச் சூடு தெரியாது, ஆறட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனது.

வருகிற திங்கட்கிழமை பதினைந்தாம் தேதி பகல் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் சம்மதக் கடிதத்தில் நான் கைநாட்டு வைக்க வேண்டும். உனக்கு லீவு கிடைக்காது என்று தெரியும், வா என்று கேட்கவில்லை. அப்போது உனக்கு ஒன்பதரை. டீச்சர் போனுக்கு ஒரு நிமிஷம் கூப்பிடு. ஆறு வயசில் கரும்புச் சக்கைக் குவியலில் உட்கார்ந்து, குரல் கொடுக்கிறவனுக்கு முன்னாலேயே ஒக்கப் பிடி என்று கத்துவாயே, அப்படி ஒரு தடவை கத்து. இந்தக் கைக்கு என் குரல் எட்டவில்லை, உன் குரல் எட்டுதா பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத்தான் டீச்சரை அவசரமாகக் கூப்பிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ, மீன் கம்பெனி ஐஸ் ரூமில் இப்பல்லாம் குளிரே தெரியறதில்லப்பா, கை பழகிடுச்சு என்று சிரித்தாய். நான் சிரித்த அதே சிரிப்பு. நாளைக்கே போய் யாராவது ஒரு டாக்டரிடம் இரண்டு கையையும் காட்டு. உறை இல்லாமல் ஐஸில் கை வைக்காதே. உனக்குச் சுட்டால் சுடட்டும், குளிர்ந்தால் குளிரட்டும், அதுதான் அப்பன் உனக்குத் தருகிற ஆசீர்வாதம். நம்ம ஊர் தென்காசிநாதர் உன்னைக் காப்பாற்றட்டும்.

திங்கட்கிழமை மறந்துவிடாதே.

உன் அப்பன்
மொக்கையன்
(டீச்சர் விரலைப் பிடிக்க வந்தது, வேண்டாம் என்று நானே உருட்டி வைத்த ரேகை. கொஞ்சம் கலைந்திருக்கும்.)